திருகு முடுக்கும் வேலையல்ல

“ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்? ஏதாவது கம்பெனியில் பேனலுக்கு ஒயர் சொருகத்தானே?” கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் சொந்தபந்தம் கேட்கிற கேள்வி இது. கேட்கிற தொனியிலேயே பதிலும் இருக்கும். தொழில்வளம் பற்றிப் பேசுகிற பெரிய மனிதர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள். இயந்திரத் தயாரிப்பில் வயரிங் என்பது வரைபடத்தைப் பார்த்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கம்பி இழுத்துத் திருகை முடுக்குவது. நாலு வாரம் பழக்கினால் யாரும் செய்துவிடுவார்கள். நாளைக்கு அதையும் எந்திரமே செய்துவிடும். ஆகவே அதற்காகப் பிள்ளைகளை இரண்டு வருடம் உட்கார வைத்துப் பயிற்றுவது வீண். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கருத்து அடியோடு தவறு. பேனல் வயரிங் திறன் தேவைப்படாத வேலை என்பதால் அதற்குக் கூலி குறைவாக இருக்கிறது என்று நம்புகிறோம். நடப்பது நேர்மாறு. கூலியைக் குறைவாக வைத்திருக்க வசதியாக அது திறன் தேவைப்படாத வேலை என்று சம்பள ஏட்டில் எழுதப்படுகிறது. பிறகு அந்த ஏட்டையே சான்றாகக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியைச் சுற்றி நவீன அரிசி ஆலைகள் நிறைய. நெல்லைச் சுத்தம் செய்ய, அவிக்க, உலர்த்த, உமி நீக்க, தீட்ட, கருப்பரிசியைக் கேமராவால் கண்டு ஊதித் தள்ள என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம். ஒவ்வோர் இயந்திரத்தோடும் அதை இயக்கி நிறுத்தும் மின்பெட்டியாக ஒரு பேனல் வருகிறது. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளிலும் இதே கதைதான். இந்தப் பேனல்களுக்குள் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று இருக்கும். 415 வோல்ட்டை 110 வோல்ட்டாக இறக்கி, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர்களின் சுருள்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. 110 வோல்ட் வெளியே வரும் பக்கத்தில் இரண்டு முனைகள். ஒன்றை எர்த்தோடு சேர்த்து எல்லாச் சுருள்களின் பொது முனைக்கும் கொண்டுபோக வேண்டும். மற்றது ஃபியூஸ், ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன் எல்லாம் தாண்டிச் சுருளின் மறுமுனைக்குப் போக வேண்டும். இயந்திரங்களின் மின்னமைப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது. இப்போது வயர்மேன் எர்த்தை அந்த மற்ற முனையில் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் ஒன்றும் தெரியாது. ஸ்டார்ட் அழுத்தினால் ஓடும், ஸ்டாப் அழுத்தினால் நிற்கும். கையெழுத்துப் போட்டு லாரியில் ஏற்றிவிடலாம். சில வருடம் கழித்து, பட்டனுக்கும் சுருளுக்கும் நடுவில் போகும் கம்பியின் உறை எலி கடித்தோ அதிர்வில் உராய்ந்தோ கிழியும், செம்பு பேனலின் தகட்டைத் தொடும். சரியாகக் கட்டிய பேனலாக இருந்தால் ஃபியூஸ் போய் இயந்திரம் முடங்கிவிடும். தவறாகக் கட்டிய பேனலில் யாரும் ஸ்டார்ட்டைத் தொடாமலே மோட்டார் சுற்றத் தொடங்கும். ஸ்டாப்பை எத்தனை முறை குத்தினாலும் நிற்காது. எமர்ஜென்சி பட்டனும் அதே வரிசையில் இருந்தால் அதுவும் கைவிடும். மெயினை இறக்கினால்தான் உண்டு. அந்த நேரத்தில் நெல்லை மேலேற்றும் எலிவேட்டரின் அடியில் கைவிட்டு அடைப்பெடுத்துக்கொண்டிருப்பவரின் கை என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டு பேனல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் ஒரே ஒரு கம்பி. நாலு வாரம் பழகியவருக்கும் நாலு வருடம் பழகியவருக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். சோதனையில் அகப்படாத தவறைத் தவறு என்று அறிவதற்குக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்தால் போதாது, ஏன் அங்கே போகிறது என்று தெரிய வேண்டும். சோதனைக்காக எமர்ஜென்சி பட்டனின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஜம்பர் போட்டுவிட்டு அதை எடுக்க மறப்பதும் இந்த வகைதான். இயந்திரம் அருமையாக ஓடும், பட்டன் அழகுக்கு இருக்கும்.

“லூஸ் கனெக்‌ஷன்” என்று நாம் அலட்சியமாகச் சொல்வதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பி முனையில் மாட்டும் லக்கைச் சரியான அளவு அச்சில் வைத்து அழுத்தாததால் ஒரு முனையில் 10 மில்லிஓம் தடை கூடிவிட்டது என்று கொள்வோம். ஓம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, பஸ்ஸர் வைத்துப் பார்க்கும் கண்டினியூட்டி சோதனைக்கும் தெரியாது. அதன் வழியே 30 ஆம்பியர் போனால் அந்த முனையில் எழும் வெப்பம் 9 வாட். மின்னோட்டம் 60 ஆம்பியராக இரட்டித்தால் வெப்பம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 36 வாட் ஆகிறது. ஈயம் உருக்குகிற சாதாரணச் சால்டரிங் அயன் 25 வாட். உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் படியும் ஆலையில், மூடிய பெட்டிக்குள், இரவும் பகலும் எரிகிற ஒரு சால்டரிங் அயனை யார் வைப்பார்கள்? டார்க் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பார்கள். திருகு எவ்வளவு இறுகியது என்பதை அந்தக் கருவி சொல்லும். உறையைச் சீவும்போது ஏழு இழையில் இரண்டு அறுந்துபோனதை, உறை லக்குக்குள் மாட்டிக்கொண்டு செம்புக்குப் பதில் பிளாஸ்டிக் இறுகியிருப்பதை அது சொல்லாது.

அப்படியானாலும் வரைபடத்தைப் போடுகிறவர் பொறியாளர்தானே, அறிவெல்லாம் அங்கே இருக்கிறது, வயர்மேன் வெறும் கை என்ற ஆட்சேபம் வரும். பொறியாளரின் வரைபடம் கம்பியின் ஃபெரூல் நம்பரையும், எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்பதையும் சொல்கிறது. எந்த வழியாக என்று பெரும்பாலும் சொல்வதில்லை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள், விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அணைந்து எரியும் மின்னழுத்தத்தைச் சுமந்து செல்கிறது. மூட்டை எடையிடும் கருவியின் லோட்செல் அனுப்பும் சமிக்ஞையோ சில மில்லிவோல்ட்தான். இரண்டையும் ஒரே டக்கில் சேர்த்துக் கட்டிவிட்டால் வரைபடப்படி எல்லாம் சரி. எடைக் கருவியில் எண் மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கும். எடைக் கருவி கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவார்கள், அதிலும் எண் துள்ளும். கேபிளின் பின்னல் உறையை எந்தப் பக்கம் எர்த் செய்வது, சூடாகும் பொருளுக்கு மேலே எவ்வளவு இடம் விடுவது, கதவோடு திறந்து மூடும் கம்பிக் கற்றைக்கு எவ்வளவு தொங்கல் வைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது கடைசியில் பேனல் முன்னால் நிற்கிறவர். வரைபடத்தில் தப்பு இருந்தால் அதை முதலில் காண்பவரும் அவர்தான். சிவப்பு மையில் திருத்திய வரைபடம் ஒன்று அவரிடமிருந்து வடிவமைப்பு அறைக்குத் திரும்பிப் போகாத பேனல் கடை அநேகமாகக் கிடையாது. அந்தத் திருத்தம் பொறியாளரின் பெயரில்தான் பதிவாகும் என்பது வேறு விஷயம்.

இதை வேலையின் மேலுள்ள பாசத்தால் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் மின் பொருத்துநர் 7412 என்ற எண்ணிலும், மின் கருவிகளைச் சேர்த்துக் கட்டுபவர் 8212 என்ற எண்ணிலும் வருகிறார்கள். எடுபிடி வேலைகளுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு, ஒன்பதாவது. வயரிங் வேலையை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அந்த ஒன்பதுக்குள் தள்ள முடியாது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடும் இதே சட்டகத்தைத்தான் பின்பற்றுகிறது. ஜெர்மனியில் தொழிற்சாலை மின்னமைப்பு வேலைக்கான தொழிற்பயிற்சி மூன்றரை ஆண்டு. பெரும்பகுதி நேரம் ஆலையில், மீதி நேரம் பள்ளியில். நம் ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டுமே இரண்டாண்டுப் படிப்புகள். ஆக, உலகமும் சரி, நம் அரசின் ஏடும் சரி, இதைத் திறன் வேண்டும் தொழில் என்றே வைத்திருக்கின்றன. அப்படியானால் வயர்மேனை எடுபிடியாக்கும் ‘ஹெல்பர்’ என்ற சொல் எங்கே முளைக்கிறது? ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில். குறைந்தபட்சக் கூலி திறன் வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு படி கீழே எழுதினால் அந்த அளவுக்கு மிச்சம். 2013இல் ஏஐசிடிஇ கொண்டுவந்த ‘நீம்’ திட்டத்தில் இது இன்னும் சுலபமானது. உற்பத்தி வரிசையில் முழு நேரம் நிற்கிறவரைத் தொழிலாளி என்றே சொல்ல வேண்டியதில்லை, பயிற்சியாளர் என்றால் போதும் என்றானது.

திறனைத் திறன் என்று ஒப்புக்கொள்ளாமல் வாங்கிக்கொள்வதற்கு இன்னொரு பழைய வழி, அதை இயற்கையின் கொடை என்று புகழ்வது. 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் உலகச் சந்தைக்கான ஆலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதைப் பிட்டு வைத்தது. பெண்களுக்கு விரல் நளினம் பிறவியிலேயே உண்டு என்று முதலாளிகள் சொன்னார்கள். தையலும் வீட்டு வேலையும் சிறு வயதிலிருந்து கற்றுக்கொடுத்த பயிற்சி அது என்று எல்சனும் பியர்சனும் காட்டினார்கள். பிறவிக் குணத்துக்குக் கூலி தர வேண்டியதில்லை, கற்ற தொழிலுக்குத் தர வேண்டும். வித்தியாசம் அவ்வளவே. பேனல் கடைகளில் பெண்களை எடுக்கும்போது இன்றும் இந்த ‘மெல்லிய விரல்’ பேச்சு கேட்கத்தான் செய்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைப் பிள்ளைகளைப் பற்றி வேறொரு புகழ்ச்சி உண்டு. கடின உழைப்பாளிகள், சொன்னதைக் கேட்பார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள்! ஒரு பிள்ளையை வரைபடத்தின் பக்கமே விடாமல் கேபிள் சுமக்க மட்டும் வைப்பதற்கு இதைவிட வசதியான பாராட்டு கிடையாது.

இந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1976வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்களிடம் வரியும் வாங்கி, கூலியில்லா வேலையும் வாங்கிய அமைப்பு அது. அரசு மலையை எடுத்துக்கொண்ட பிறகும் மலைக்காரர் உடலுழைப்புக்கு உரியவர் என்ற எண்ணம் சமவெளியின் மனத்திலிருந்து இறங்கவில்லை. கேரளத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமா, ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்ட ஆள் வேண்டுமா, தரகர் முதலில் ஏறுகிற மலைகளில் இதுவும் ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. உடனே எல்லோரும் மாற்றுத் தொழில் பற்றிப் பேசினார்கள்: ஆடு, மாடு, தேன், தையல் எந்திரம். நல்லவைதான். மலையில் வளர்ந்த பிள்ளை ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரைத் தானே கட்டி, அது ஏன் டிரிப் ஆகிறது என்று தானே கண்டுபிடிக்கக் கற்கலாம் என்பது மட்டும் யாருக்கும் முதலில் தோன்றவில்லை. சங்கராபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, சேலம் மாவட்டத்துக்குள் வரும் மலைப்பகுதியில் கருமந்துறையில் இருக்கிறது. வயர்மேன் பிரிவில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடே சேரலாம். கதவு திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் போகாதே என்று சொல்வது யார் என்பதே கேள்வி.

எந்திரம் வந்து எல்லாவற்றையும் செய்துவிடும் என்ற வாதத்துக்கு வருவோம். கம்பியை அளந்து வெட்டி, உறை சீவி, லக் அழுத்தி, நம்பர் அச்சடித்துத் தரும் எந்திரங்கள் வந்துவிட்டன. அந்தப் பகுதியைப் பொறுத்தவரை வாதம் சரி. ஆனால் கம்பி வளைகிற பொருள். பிடித்த இடத்தில் பிடித்தபடி நிற்காது. லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்யப்படும் கார் வயரிங் ஹார்னஸ்கூட இன்னும் பெரும்பாலும் கையால்தான் கட்டப்படுகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது மேற்கு உக்ரைனில் இருந்த லியோனி நிறுவனத்தின் ஹார்னஸ் ஆலைகள் முடங்கின. சில நாட்களிலேயே ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ நிறுவனங்களின் கார் ஆலைகள் சில ஜெர்மனியில் உற்பத்தியை நிறுத்தின. ரோபோக்கள் நிறைந்த ஆலைகள், கையால் கட்டிய கம்பிக் கற்றை வராமல் நின்றன. ஹார்னஸுக்கே இந்த நிலை என்றால் பேனலின் கதை சொல்லத் தேவையில்லை. அரிசி ஆலைக்கு ஒன்று, சர்க்கரை ஆலைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் வேறு. போதாததற்கு, எந்திரமயம் கூடக்கூட ஒவ்வோர் எந்திரத்துக்குள்ளும் பேனலும் சென்சாரும் கூடுகின்றன. வயர்மேனை ஒழிக்க வரும் எந்திரத்துக்கும் யாரோ ஒரு வயர்மேன்தான் கம்பி இழுத்திருக்கிறார்.

மிஞ்சுவது ஒரே ஒரு வலுவான ஆட்சேபம்: சம்பளம். “நீங்கள் என்ன சொன்னாலும் கையில் வருவது குறைவு, ஒப்பந்த வேலை, நிரந்தரமில்லை, பிள்ளையை இன்ஜினியரிங் சேர்ப்பதே புத்திசாலித்தனம்” என்று ஒரு தகப்பன் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்ப்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் கோளாறு. கூலி குறைவு என்றால் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். வேலையை இழிவுபடுத்தினால் கூலி இன்னும் இறங்கும். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம். நாட்டின் சராசரியைவிட மிகவும் மேலே; பெருமைக்குரியது. நூற்றில் மீதி 53 பேர் எங்கே போகிறார்கள் என்று அந்தப் பெருமை கேட்பதில்லை. ஐ.டி.ஐ.யை மட்டம் தட்டுகிற ஒவ்வொரு பேச்சும் அந்தப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், நீ கற்கப் போவது எதுவானாலும் அது அறிவில்லை என்று சொல்லி அனுப்புகிறது. அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர் சம்பளப் பட்டியலில் ‘ஹெல்பர்’ என்று கண்டால் வாய் திறப்பாரா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்கியது பெரிய காரியம். கல்லூரிக்கு மட்டுமின்றி ஐ.டி.ஐ.க்குப் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. எந்திரமும் வந்தது, உதவித்தொகையும் வந்தது. வராமல் நிற்பது அங்கீகாரம். மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் இருந்தால் பள்ளிப் படிப்பு குறைந்தவரும் எழுதிச் சான்று வாங்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அது கட்டட மின்னமைப்பை மனத்தில் வைத்துப் பிறந்தது. ஆலைக்குள் எட்டு வருடம் பேனல் கட்டியவர் வேலையை விட்டு வெளியே வந்தால், தான் என்ன கற்றார் என்பதைக் காட்ட அவர் கையில் அதற்கு நிகரான காகிதம் இல்லை. அடுத்த கம்பெனியில் மறுபடியும் அடியிலிருந்து, மறுபடியும் ‘ஹெல்பர்’. கட்டடக் கம்பியாளுக்குக் கொடுக்கத் தெரிந்த சான்றை இயந்திரக் கம்பியாளுக்கும் விரிக்க அரசுக்குப் புதிதாகப் பெரிய செலவு ஒன்றுமில்லை. தேர்வில் எர்த் முனை மாற்றிக் கட்டிய ஒரு பேனலைக் கொடுத்து, “எல்லாம் ஓடுகிறது, தப்பு எங்கே?” என்று கேட்டால் போதும். நாலு வாரக் கதை பேசுபவர்களும் வந்து அந்தத் தேர்வை எழுதிப் பார்க்கட்டும்.

உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலைக்கு 2023இல் ஒப்பந்தமானபோது 20,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. அத்தனை பேரின் வேலையும் எந்திர வரிசை நிற்காமல் ஓடுவதைப் பொறுத்தது. வரிசை நின்றால் அதன் பேனலைத் திறந்து பார்க்கப் போவது சிலரே. அந்தச் சிலர் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோதான் வர வேண்டும் என்று விதியில்லை, சங்கராபுரத்திலிருந்தும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் வரலாம். வரும்போது அவர்கள் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது என்பதைத் தொழிலாளர் துறை முதல் நாளே பார்க்கட்டும். ‘ஹெல்பர்’ என்றிருந்தால் அடித்துத் திருத்தட்டும்.